நடுவில் இருப்பவரை நம்ப வேண்டுமா?

(பலரிடையே குவாண்டம் தொடர்பு என்னும் பொருளில் திண்டுக்கல்லில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



குவாண்டம் தொடர்பு பற்றிய பாடம் எப்போதும் இரண்டு பேரோடுதான் தொடங்கும். ஒருவர் அனுப்புவார், மற்றவர் வாங்குவார், வழியில் ஒருவர் ஒட்டுக்கேட்கப் பார்ப்பார். ஆனால் நாட்டில் காக்க வேண்டிய இரகசியங்களில் முக்கியமானவை இரண்டு பேரோடு நிற்பதில்லை. வங்கி லாக்கரைத் திறக்க வங்கியின் சாவியும் வேண்டும், வாடிக்கையாளரின் சாவியும் வேண்டும். வாக்குப்பதிவு இயந்திரங்களை வைக்கும் அறைக்கு இரட்டைப் பூட்டு. இரண்டு சாவியும் ஒரே அதிகாரியிடம் இருக்கக் கூடாது. பழனிக் கோயில் உண்டியலைத் திறந்து எண்ணும்போது யார் யார் முன்னிலையில் எண்ணினார்கள் என்று பத்திரிகைச் செய்தி தவறாமல் சொல்கிறது. ஒரே கையில் முழு அதிகாரமும் சேரக் கூடாது என்பதுதான் இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் எண்ணம்.

பூட்டுக்காக 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு பெற்ற ஊர் இது. மாங்காய்ப் பூட்டுக்கு எத்தனை லீவர் வைத்தால் கள்ளச் சாவி போடுவது எவ்வளவு கடினம் என்று இந்த அவையில் பலர் எனக்குப் பாடம் எடுக்க முடியும். நான் இன்று பேச வந்தது பூட்டின் உறுதியைப் பற்றி அன்று. பலர் சேர்ந்து ஓர் இரகசியத்தைக் காக்கும்போது யார் யாரை நம்பியாக வேண்டியிருக்கிறது என்பதே என் கேள்வி. அந்தப் பட்டியலைக் குவாண்டம் இயற்பியல் எங்கே சுருக்குகிறது, எங்கே நம்மைக் கைவிட்டுவிடுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். சென்னைக்கும் மதுரைக்கும் நடுவழியில் இருக்கும் திண்டுக்கல்லுக்கு இதில் நேரடியான பங்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலில் குவாண்டமே இல்லாத ஒரு கணக்கு. 1979இல் ஆதி ஷமீர் என்ற கணிதவியலாளர், ஓர் இரகசியத்தைப் பலருக்குப் பங்கிடும் வழியைக் கண்டுபிடித்தார். ஜார்ஜ் பிளேக்லி என்பவரும் அதே ஆண்டில் தனியாக வேறொரு வழியைச் சொன்னார். ஷமீரின் வழியைப் பள்ளிக்கூடக் கணக்கிலேயே காட்டிவிடலாம். இரகசிய எண் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு மட்டும் தெரிந்த இன்னோர் எண்ணாக 7ஐ எடுத்துக்கொண்டு, இருபதோடு ஒருமுறை கூட்டி 27ஐ முதலாமவருக்கும், இருமுறை கூட்டி 34ஐ இரண்டாமவருக்கும், மும்முறை கூட்டி 41ஐ மூன்றாமவருக்கும் கொடுத்துவிடுகிறோம். 27 மட்டும் தெரிந்தவருக்கு இரகசியம் எதுவாகவும் இருக்கலாம். முதலாமவரும் இரண்டாமவரும் சேர்ந்தால் வித்தியாசம் 7. ஒரு படி பின்னால் போனால் 20. முதலாமவரும் மூன்றாமவரும் சேர்ந்தால் இரண்டு படிக்கு வித்தியாசம் 14, ஒரு படிக்கு 7; மறுபடியும் 20. மூவரில் எந்த இருவர் சேர்ந்தாலும் திறக்கும், ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. நடைமுறையில் பெரிய எண்களை ஒரு பகா எண்ணால் வகுத்து மீதியை வைத்து இதைச் செய்கிறார்கள். கருத்து இதுதான். கணிதத்தில் நான் மிகவும் மதிக்கும் எளிமைகளில் இது ஒன்று.

ஆனால் 27, 34, 41 என்ற பங்குகள் உரியவர் கைக்குப் போய்ச் சேர வேண்டுமே! மூவரும் மூன்று ஊரில் இருந்தால் பங்கு கம்பிவழியாகப் போகும். இன்று கம்பியைக் காப்பது, பெரிய எண்களைக் காரணிகளாக உடைப்பது கடினம் என்பது போன்ற நம்பிக்கைகள். குவாண்டம் கணினி ஒன்று போதிய அளவில் உருவானால் அந்தக் காரணிக் கணக்கு எளிதாகிவிடும் என்று 1994இல் பீட்டர் ஷோர் காட்டினார். இன்று கம்பியில் ஓடுவதைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, பதினைந்து ஆண்டு கழித்துத் திறக்க நினைப்பவரும் இருப்பார். ஒரு நோயாளியின் மரபணுத் தகவல் போன்றவற்றுக்குப் பதினைந்து ஆண்டு ஒரு காலமே இல்லை.

இந்த இடத்தில்தான் ஒளித்துகள் வருகிறது. ஒளியைக் காசு எண்ணுவதுபோல் ஒவ்வொரு துகளாக அனுப்பினால், முன்பின் தெரியாத அதன் நிலையைப் பிரதி எடுக்க இயற்கை இடம்கொடுப்பதில்லை. வூட்டர்ஸ், சூரெக் இருவரும், தனியாக டீக்ஸ் என்பவரும் 1982இல் இதை நிறுவினார்கள். சார்ல்ஸ் பென்னட்டும் கில் பிராஸ்ஸாரும் இதே இயல்பை அடிப்படையாகக் கொண்டு ஒரு சாவிப் பகிர்வு முறையை வகுத்தார்கள். அந்தக் கட்டுரை வெளியானது 1984 டிசம்பரில் பெங்களூரில் நடந்த ஒரு பன்னாட்டு மாநாட்டில். உலகமெங்கும் பிபி84 என்று அழைக்கப்படும் முறை, இங்கிருந்து ஓர் இரவுப் பேருந்தில் போய்ச் சேரும் ஊரில் முதலில் அச்சேறியது என்பது நம் மாணவர்களில் பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. அது எனக்கு வருத்தம்தான்.

முறை இதுதான். அனுப்புபவர் ஒவ்வோர் ஒளித்துகளின் அதிர்வுத் திசையையும் நேராகவோ சாய்வாகவோ தம் விருப்பம்போல் வைத்து அனுப்புகிறார். வாங்குபவரும் தம் விருப்பம்போல் ஏதோ ஒரு திசையில் அளக்கிறார். பிறகு எந்தத் திசையைப் பயன்படுத்தினோம் என்பதை மட்டும் வெளிப்படையாகப் பேசி, பொருந்தாதவற்றைத் தள்ளிவிடுகிறார்கள். நடுவில் ஒருவர் ஒவ்வொரு துகளையும் பிடித்து அளந்து மறுபடி அனுப்பியிருந்தால், வைத்துக்கொண்டவற்றில் நூற்றுக்கு 25 பிழையாக வரும். மாதிரிக்குச் சிலவற்றை ஒப்பிட்டாலே திருட்டு தெரிந்துவிடும்.

இனி மூன்று பேருக்கு வருவோம்.

1989இல் கிரீன்பெர்கர், ஹார்ன், சைலிங்கர் என்ற மூவர், மூன்று துகள்கள் ஒன்றாகப் பிணைந்த ஒரு நிலையை ஆராய்ந்தார்கள். அவர்கள் பெயர்களின் முதலெழுத்தைக் கொண்டு அது ஜி.எச்.இஸட். நிலை எனப்படுகிறது. சைலிங்கருக்கு 2022இல் நோபல் பரிசு கிடைத்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். இந்த மூன்று துகள்களில் ஒன்றைக் கோயிலின் செயல் அலுவலரிடமும், ஒன்றை அறங்காவலரிடமும், ஒன்றை அறநிலையத் துறை ஆய்வாளரிடமும் கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரிடமும் இரண்டு வகை அளவை உண்டு. அவற்றை முதல் வகை, இரண்டாம் வகை என்போம். அளந்தால் விடை 0 அல்லது 1.

மூவரும் முதல் வகையில் அளந்தால், மூன்று விடைகளின் கூட்டுத்தொகை எப்போதும் இரட்டைப்படை. ஒருவர் முதல் வகையிலும் மற்ற இருவர் இரண்டாம் வகையிலும் அளந்தால், கூட்டுத்தொகை எப்போதும் ஒற்றைப்படை. மற்றபடி அளந்தவை பயனற்றவை, தள்ளிவிடலாம். அவரவர் விருப்பம்போல் வகையைத் தேர்ந்தால், பாதித் தடவை பயன்படும் சேர்க்கை அமையும். இப்போது கவனியுங்கள். செயல் அலுவலருக்கு வந்த விடை அறங்காவலருக்குத் தெரியாது, ஆய்வாளருக்கும் தெரியாது. அவரவர் கையில் இருக்கும் விடை, காசு சுண்டியதுபோல் எதையும் சொல்லாது. அவர்கள் இருவரும் தங்கள் விடைகளைச் சேர்த்துப் பார்த்தால், கூட்டுத்தொகை இரட்டையா ஒற்றையா என்ற விதியிலிருந்து செயல் அலுவலரின் விடை சந்தேகமின்றி வெளிப்படும். ஷமீர் எண்களைக் கொண்டு செய்த பங்கீட்டை, இங்கே துகள்களே பிறக்கும்போதே செய்துவிடுகின்றன. பங்கைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும், வழியில் யாரும் தொட்டார்களா என்று சோதிக்கும் வேலையும் ஒன்றாகவே நடந்துவிடுகின்றன.

1999இல் ஹில்லரி, புசெக், பெர்த்தியோம் என்ற மூவர் இந்த முறையை வெளியிட்டார்கள். இதிலிருந்து வளர்ந்த ஆய்வுகளில் தமிழ்நாட்டுப் பங்கும் உண்டு. 2008இல் பிசிக்கல் ரிவியூ ஏ இதழில், ஐந்து துகள்கள் பிணைந்த ஒரு நிலையைக் கொண்டு குவாண்டம் தகவலைப் பலரிடையே பங்கிடும் வழியைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஸ்ரீராமன் முரளிதரனும் பிரசாந்த பாணிகிரஹியும். முரளிதரனின் பெயருக்குக் கீழே இருந்த முகவரி சென்னை நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரி. கோடிக்கணக்கில் செலவாகும் ஆய்வுக்கூடம் வேண்டும் என்று காத்திருக்காமல், தாளும் பேனாவும் நேரியல் இயற்கணிதமும் கொண்டு ஒரு கலைக் கல்லூரியிலிருந்து செய்த வேலை அது. திண்டுக்கல் கல்லூரிகளில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் அந்தக் கட்டுரையைத் தேடிப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, இயற்கை விதியே காவல் நிற்கும்போது யாரையும் நம்ப வேண்டியதில்லை என்று தோன்றலாம். அங்கேதான் கவனம் வேண்டும். வெளியே இருந்து ஒட்டுக்கேட்பவரிடமிருந்துதான் இயற்கை விதி நம்மைக் காக்கிறது. குழுவுக்குள்ளேயே ஒருவர் ஏமாற்றினால் நிலைமை வேறு. ஒருவர் தம் முடிவை மூடிய உறையில் வைத்துக் கொடுத்துவிட்டு, பிறகு மாற்ற முடியாதபடி செய்வது பல ஒப்பந்தங்களுக்கு அடிப்படை. குவாண்டம் விதிகளை மட்டும் நம்பி அப்படி ஓர் உறையைச் செய்ய முடியாது என்று மேயர்ஸ் தனியாகவும், லோ, சாவ் இருவரும் சேர்ந்தும் 1990களின் நடுவில் நிறுவினார்கள். எனக்கு இது ஒரு தோல்வியாகத் தெரியவில்லை. எந்தக் கதவுக்கு எந்தப் பூட்டு பொருந்தாது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது பெரிய லாபம். ஜி.எச்.இஸட். பங்கீட்டிலும் மூவரில் ஒருவர் மற்றவருக்கு வரும் துகளைத் தாமே பிடித்து விளையாடினால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சோதித்தாக வேண்டும். யார் முதலில் தம் அளவை வகையைச் சொல்வது என்ற வரிசைகூட அங்கே முக்கியம்.

அடுத்தது தூரம். திண்டுக்கல் நேரடியாக வரும் இடம் இது.

நல்ல ஒளியிழையில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் இழப்பு. 50 கிலோமீட்டர் போனால் பத்துத் துகளில் ஒன்று மிஞ்சும். 100 கிலோமீட்டரில் நூற்றில் ஒன்று. சென்னையிலிருந்து திண்டுக்கல்லுக்கு ரயில் பாதையை ஒட்டி ஏறத்தாழ 430 கிலோமீட்டர் என்று வைத்தால் 40 கோடியில் ஒன்றுதான் வந்து சேரும். விநாடிக்கு 100 கோடித் துகள் அனுப்பினாலும் இங்கே வருவது இரண்டோ மூன்றோ. உண்மையான இழையில் ஒட்டுப்போட்ட இடங்களும் வளைவுகளும் இருப்பதால் இழப்பு இன்னும் கூடும். சாதாரணத் தொலைபேசி ஒளியை வழியில் பெருக்கிக்கொள்ளலாம். இந்த ஒளியைப் பெருக்க முடியாது. பிரதி எடுக்கக் கூடாது என்ற அதே விதி இங்கே நமக்கே தடையாகிறது.

ஆகவே வழியில் நிலையங்கள் வைக்கிறார்கள். சீனா 2017இல் தொடங்கிவைத்த பெய்ஜிங்–ஷாங்காய் தடம் 2,000 கிலோமீட்டர். அதில் 32 நம்பக நிலையங்கள். நம்பக நிலையம் என்றால், ஒரு பக்கத்துச் சாவியும் மறுபக்கத்துச் சாவியும் அந்த அறையில் ஒன்றுசேரும். அறைக்குள் இருப்பவருக்கு எல்லாம் தெரியும். நம் மாநிலத்தில் சென்னையிலிருந்து தெற்கே ஒரு தடம் வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். திருச்சியிலிருந்து இங்கே சுமார் 95 கிலோமீட்டர், இங்கிருந்து மதுரைக்கு 65. திருச்சி, கரூர், பழனி, மதுரை என்று நான்கு பக்கமும் ரயில் பாதை பிரியும் சந்திப்பு இது. வரைபடத்தைப் பார்க்கும் எந்தப் பொறியாளரும் திண்டுக்கல்லில் ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளி நம்பக நிலையமாக இருந்தால், தெற்கு மாவட்டங்களின் இரகசியமெல்லாம் இந்த ஊரில் ஓர் அறையில், ஒரு காவலரின் நேர்மையில் வந்து நிற்கும். இரட்டைப் பூட்டைக் கொண்டுவந்த எண்ணத்துக்கே இது நேர் எதிரானது.

வேறு வழிகள் இருக்கின்றன. 2012இல் லோ, கர்ட்டி, சீ ஆகியோர் ஒரு முறை சொன்னார்கள். 2018இல் லூகமரினியும் உடன் ஆய்வாளர்களும் அதைத் தூரத்துக்கு ஏற்றபடி மேம்படுத்தினார்கள். அதன்படி திருச்சியும் மதுரையும் தங்கள் மெல்லிய ஒளியைத் திண்டுக்கல்லுக்கு அனுப்பும். இங்கே இரண்டும் ஒன்றோடொன்று கலந்து ஏதோ ஓர் உணர்கருவியில் விழும். எந்தக் கருவியில் விழுந்தது என்பதை இங்குள்ளவர் ஊரறியச் சொல்லிவிடலாம். இருவரும் அனுப்பியது ஒன்றா, வேறா என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும். எதை அனுப்பினார்கள் என்பது நடுவில் இருப்பவருக்குத் தெரியாது. நடுவில் எதிரியே உட்கார்ந்திருந்தாலும் தொடர்பைக் கெடுக்கலாமே தவிர, இரகசியத்தை எடுக்க முடியாது. 2023இல் சீன ஆய்வாளர்கள் இவ்வகை முறையில் 1,002 கிலோமீட்டர் இழையைக் கடந்து காட்டினார்கள்.

இன்னொரு வழி, நடுவில் பிணைந்த துகள்களை உண்டாக்கும் கருவியை வைத்து, இரண்டு இரண்டாக வெளியே அனுப்புவது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 2020இல் ஒரே மூலத்திலிருந்து எட்டுப் பேரை இணைத்தார்கள். எட்டுப் பேருக்கு 28 இணைகள். ஒவ்வோர் இணைக்கும் தனிச் சாவி. நம்பக நிலையம் கிடையாது. நான்கு பேர் ஒரே சாவியை ஒரே நேரத்தில் பகிரும் முறையை ஜி.எச்.இஸட். துகள்களைக் கொண்டு மொத்தம் 50 கிலோமீட்டர் வரையிலான இழையில் ஸ்காட்லாந்தின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தார் 2021இல் செய்து காட்டினார்கள். ஆள் கூடக்கூட, எல்லாத் துகளும் ஒருசேரப் போய்ச் சேர்வது அரிதாகிவிடும். அதனால் பெரிய குழுவுக்கு இணை இணையாகச் சாவி கொடுத்து, மேலே ஷமீரின் கணக்கை ஓடவிடுவதே இப்போதைக்கு நல்லது என்பது என் கருத்து. ஜப்பானில் 2016இல் டோக்கியோ வலையில் அப்படித்தான் செய்தார்கள்: பங்குகளை வெவ்வேறு சேமிப்பகங்களில் வைத்து, இடையே ஓடும் கம்பிகளைக் குவாண்டம் சாவிகளால் காத்தார்கள்.

நம் நாட்டில் 2022 பிப்ரவரியில் பிரயாக்ராஜிலிருந்து விந்தியாசலம் வரை, நூறு கிலோமீட்டருக்கும் மேல், ஏற்கனவே புதைத்திருந்த வணிக இழையில் டெல்லி ஐ.ஐ.டி.யும் டி.ஆர்.டி.ஓ.வும் சாவி அனுப்பிக் காட்டின. 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாயில் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030–31 வரை ஓடும் அதன் இலக்குகளில், 2,000 கிலோமீட்டர் தொலைவுக்கு நகரங்களுக்கிடையே சாவிப் பகிர்வும், பல முனைகள் கொண்ட குவாண்டம் வலையும் உண்டு. அதன் தொடர்புப் பிரிவுக்குத் தலைமை மெட்ராஸ் ஐ.ஐ.டி. ஆகவே தமிழ்நாட்டில் தடம் எப்படி அமைய வேண்டும் என்ற பேச்சு நம் மாநிலத்திலேயே நடக்கப்போகிறது. அந்தப் பேச்சில் நடுவழி ஊர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எங்கள் ஊரில் வைக்கும் நிலையத்தை நம்பித்தான் ஆக வேண்டுமா, நம்பாமலும் அது வேலை செய்யுமா? இரண்டாவது வகைக்குச் செலவும் சிரமமும் கூடுதல். இரு முனை ஒளியின் கட்டத்தையும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஒத்துப்போகச் செய்வது எளிய வேலை அன்று. ஆனாலும் அதைத்தான் கேட்க வேண்டும் என்பேன். பிறகு மாற்றுவது இன்னும் கடினம்.

மறுதரப்பையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை தன் அமைப்புகளுக்குக் குவாண்டம் சாவிப் பகிர்வைப் பரிந்துரைப்பதில்லை. குவாண்டம் கணினியாலும் உடைக்க முடியாதவை என்று கருதப்படும் புதிய கணித முறைகளை அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் தரங்களாக வெளியிட்டது. அவை சாதாரண மென்பொருளிலேயே ஓடும். உங்கள் கைப்பேசிப் பணப் பரிமாற்றத்துக்கு அதுவே போதும். நீண்ட காலம் காக்க வேண்டியவற்றுக்கு, அதுவும் சில இடங்களுக்கு இடையே மட்டும், ஒளித்துகள் தடம் கூடுதல் அரணாக நிற்கலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

இந்தப் பகுதிக்கு மிக அருகில் வரும் பயன்பாடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2008 ஜனவரியில் டென்மார்க்கில் சர்க்கரைக் கிழங்கு விவசாயிகள் சுமார் 1,200 பேர், சாகுபடி ஒப்பந்தங்களை வாங்கவும் விற்கவும் ஓர் ஏலம் நடத்தினார்கள். கிழங்கை வாங்குவது ஒரே நிறுவனம். எந்த விலைக்கு எவ்வளவு தருவேன் என்று விவசாயி எழுதிக் கொடுத்தால், அவருடைய செலவும் நெருக்கடியும் அந்த நிறுவனத்துக்குத் தெரிந்துபோகும். அதனால் ஒவ்வொருவர் கேட்பையும் மூன்று பங்காக்கி, நிறுவனத்துக்கு ஒன்று, விவசாயிகள் சங்கத்துக்கு ஒன்று, ஆய்வாளர்களுக்கு ஒன்று என்று கொடுத்தார்கள். மூன்று கணினிகளும் சேர்ந்து சந்தை விலையைக் கணக்கிட்டன. தனி விவசாயியின் எண் எந்த ஒரு கணினியிலும் முழுதாக இருக்கவே இல்லை. பங்குகளைக் கூட்டினால் கூட்டுத்தொகையின் பங்கே கிடைக்கும் என்ற ஷமீர் கணக்கின் இயல்புதான் இதற்கு அடிப்படை.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையை நினைத்துப் பாருங்கள். கேரளம் வரை காய் போகிறது. முருங்கை கொண்டுவரும் விவசாயி, எந்த விலைக்குக் கீழே விற்க மாட்டேன் என்று சொன்னால், அந்த விலையிலேயே நின்றுவிடுமோ என்று அஞ்சுவார். விலையை மறைத்துப் பேசுவதன் அவசியம் நம் மாட்டுச் சந்தைகளுக்குப் புதிதில்லை. துண்டைப் போர்த்தி விரலைப் பிடித்துத்தான் பேசுகிறார்கள். அது இருவருக்கு ஆகும். ஆயிரம் பேருக்கு டென்மார்க் கணக்கு வேண்டும். விவசாயிகள் தரப்பில் ஒரு கணினி, கமிஷன் மண்டிகள் தரப்பில் ஒன்று, ஒரு கல்லூரியில் ஒன்று என்று மூன்றை வைத்துச் சிறிய அளவில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். இதற்கு ஒளியிழையும் வேண்டாம், ஜி.எச்.இஸட். துகளும் வேண்டாம். பிற்காலத்தில் குவாண்டம் தடம் வந்தால் மூன்று கணினிகளுக்கு இடையிலான கம்பியை அது காக்கும். மேலே ஓடும் கணக்கு அப்படியே இருக்கும். கணினி அறிவியல் மாணவர்கள் நான்கைந்து பேர் ஒரு பருவத் திட்டப்பணியாக எடுத்துக்கொள்ளக்கூடிய வேலை இது. எடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். 27, 34, 41இலிருந்து தொடங்கி, ஏலத்தில் பெரிய எண் எது, சிறிய எண் எது என்று வெளிக்காட்டாமலே ஒப்பிடுவது வரை உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம். கூட்டல் எளிது, ஒப்பிடுவதுதான் அதில் கடினமான இடம்.